ஆய்வேட்டுக்குப் பதிலாக ஒரு நாடகம்

தமிழ் எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் ஆய்வேட்டுக்குப் பதிலாகச் சொந்தமாக எழுதிய கதைகளையோ நாடகங்களையோ கொடுக்கலாம் என்று எங்கள் கல்லூரியில் ஒரு புது விதி வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கல்லூரி மயிலாப்பூரை ஒட்டி இருந்தது. வகுப்பில் மற்ற எல்லோரும் காப்பியங்களில் உவமை, பக்தி இலக்கியத்தில் பெண்குரல் என்று தலைப்புகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்க, படைப்பிலக்கியம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நானும், சாந்தோமிலிருந்து வந்துகொண்டிருந்த என் தோழியும்.

எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்கள் நிறைய. விரிவுரையாளர் வேலைக்குப் போகும்போது நேர்காணலில் கதை எழுதினேன் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று ஒரு ஆசிரியர் எச்சரித்தார். மந்தைவெளியில் எங்கள் வீட்டில் அப்பா, இதைப் பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்டிருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு வீணை சொல்லிக்கொடுப்பவள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தோழியின் அம்மா மாதா கோயில் நடத்தும் பங்குப் பள்ளியில் ஆசிரியை. அவருக்கு ஒரே கவலைதான்: இதையெல்லாம் யார் திருத்தி மார்க் போடுவார்கள்?

அந்த விதியைக் கொண்டுவந்தவர் எங்கள் துறைத் தலைவி. அதற்காகக் கல்லூரிக் குழுவில் அவர் எத்தனையோ கூட்டங்களில் வாதாடியிருக்கிறார். ஆனால் வென்ற பிறகு எங்களை உட்காரவைத்து வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: "எனக்குக் கதை எழுத வராதும்மா. நீங்க எழுதினா வாசிக்க வரும். வேற என்ன செய்யலாம்னு பார்க்கறேன்." அவர் செய்தது இதுதான். வார இதழ்களில் வரும் சிறுகதைப் போட்டி அறிவிப்பு, நாடகக் குழுக்கள் புது நாடகம் தேடுகிற செய்தி, மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்ற விளம்பரம், எது கண்ணில் பட்டாலும் கத்தரித்துத் தன் அறை வாசலில் இருந்த பலகையில் குத்திவைத்தார். அந்தப் பலகையைப் பார்ப்பவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. ஊரில் எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு கதவுகள் இருக்கின்றன என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல உயரம். கோயில் பாடல்குழுவில் பாடுவாள். சிரித்தால் வராந்தாவின் அடுத்த முனையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் குடும்பம் பல தலைமுறைகளாக மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த அதே தெருவில் இருந்தது. வீட்டுக்குள் ஆசிரியைகளுக்கே உரிய சுத்தமான தமிழ். வீட்டுக்குப் பின்னால் போனால் கடற்கரைக் குப்பம். அவளுக்கு இரண்டு பேச்சும் வரும். அது வருகிறது என்பது அவளுக்கே தெரியாது.

முதலில் கவனித்தது நான்தான். ஒரு காலையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் மீன்காரம்மா கூடையை இறக்கியிருந்தார். தோழி என்னோடு பேசிக்கொண்டே அவரோடும் பேரம் பேசினாள். என்னிடம், "உள்ள வா, மின்விசிறிக்குக் கீழ உட்காரு" என்றாள். அதே மூச்சில் அந்தப் பக்கம் திரும்பி, "இன்னாம்மா, நேத்து வெச்ச மாரி கீது இது" என்றாள். குரல்கூட மாறியது. நான் சிரித்துவிட்டேன். நீ இப்போது இரண்டு ஆளாகப் பேசினாய் என்றேன். அவள் மறுத்தாள். பிறகு, கையில் மீனை வைத்துக்கொண்டு அப்படியே நின்று யோசித்தாள். எந்த இடத்தில் எதைப் பேசுகிறோம் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டாள். அன்று முழுவதும் அவள் அதைப் பற்றியே பேசினாள்.

சில வாரங்களில் பலகையில் ஒரு அறிவிப்பு வந்தது. வானொலியின் இளைஞர் நிகழ்ச்சிக்குக் கல்லூரி மாணவர்கள் அரைமணி நேர நாடகம் எழுதி அனுப்பலாம். தேர்வானால் மாணவர்களே நடிக்கலாம். தோழி அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பிய பார்வையிலேயே தெரிந்தது, அவள் எழுதத் தொடங்கிவிட்டாள் என்று.

கதை எளிமையானது. விடிந்ததிலிருந்து ரேஷன் கடை வாசலில் மண்ணெண்ணெய்க்காகப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். எண்ணெய் இருக்கிறதா, ஊற்றுவார்களா என்று யாருக்கும் தெரியாது. அவர்களில் மூத்தவள் ஒருத்தியை எல்லோரும் கடைக்காரரிடம் பேச அனுப்புகிறார்கள். அவள் ஜன்னல் அருகே போய், "ஐயா, இன்னைக்கு எண்ணெய் இருக்குங்களா? ஊத்துவீங்களா ஐயா?" என்று குழைந்து கேட்பாள். திரும்பி வந்து, வரிசையில் இருக்கிற இளையவளிடம், "கீதாம். ஊத்தறானோ இல்லியோ, தெர்ல. நின்னுக்கினு இரு" என்பாள். இப்படிப் பலமுறை போய்ப் போய் வருகிறாள். வெயில் ஏறுகிறது. ஒருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல். கடைசித் தடவை ஜன்னலுக்குப் போகும்போது மூத்தவள் ஐயா போடவில்லை. வரிசையில் பேசுகிற பேச்சையே பேசுகிறாள்: "இன்னா நைனா, கீதா இல்லியா? கீதுன்னா கீதுன்னு சொல்லு. வூட்ல அடுப்பு அவிஞ்சி கீது." உள்ளே நாற்காலி நகரும் சத்தம். பிறகு கடைக்காரரின் குரல், அதுவரை அதிகாரமாகப் பேசிய அதே குரல், "கீதும்மா. கேனை எட்த்துகினு வா" என்கிறது. அவரும் அதே பக்கத்து ஆள்தான். அதோடு நாடகம் முடிகிறது.

அதற்கு 'கிருஷ்ணாயில்' என்று பெயர் வைத்தாள். வரிசையில் நிற்கிற யாரும் மண்ணெண்ணெய் என்று சொல்வதில்லை.

ஆனால் முதல் பிரதி இப்படி இல்லை. எல்லோரும் புத்தகத் தமிழில் பேசினார்கள். நான் படித்துவிட்டு, இந்தப் பெண்கள் எம்.ஏ. முடித்துவிட்டு வரிசையில் நிற்கிறார்களா என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு வந்து, கல்லூரிக்கு எழுதுகிறோம் என்று நினைத்தவுடனே கை அப்படித்தான் போகிறது, நிறுத்தவே முடியவில்லை என்றாள். இரண்டாவது பிரதியை எழுதாமல் பேசிப் பேசியே உருவாக்கினாள். கேன்டீனில், லஸ் பேருந்து நிறுத்தத்தில், சாந்தோம் கடற்கரை மணலில், எல்லாப் பாத்திரங்களாகவும் அவளே பேசுவாள். நான் எழுதிக்கொண்டு வருவேன். போகிறவர்கள் எங்களைப் பார்த்து நின்றுவிட்டுப் போவார்கள்.

வானொலி நிலையத்திலிருந்து நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்தது. நானும் துணைக்குப் போனேன். நிகழ்ச்சியைத் தயாரிப்பவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், மென்மையான குரல். நாடகம் தனக்குப் பிடித்திருக்கிறது என்றார். ஆனால் இந்தப் பேச்சு வேண்டாம், எல்லோருக்கும் புரிகிற தமிழில் மாற்றிக் கொடுங்கள் என்றார். நேயர்கள் தருமபுரியிலும் இருக்கிறார்கள், புதுக்கோட்டையிலும் இருக்கிறார்கள். அது மட்டுமல்ல. சென்னைப் பேச்சு காதில் விழுந்தால் நகைச்சுவைக் காட்சி என்று நினைத்துக்கொள்வார்கள், அழ வேண்டிய இடத்தில் சிரிப்பார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தோழி வாதாடவில்லை. படித்துக் காட்டலாமா என்று மட்டும் கேட்டாள்.

அந்தச் சின்ன அறையில், மேசைக்கு முன் நின்றுகொண்டே அவள் முழு நாடகத்தையும் படித்தாள். அவர் முதலில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். பாதியில் மூடிவிட்டார். கடைசிப் பக்கம் முடிந்ததும் அதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் வைத்தார்.

"சரி, ஒரு வார்த்தையும் மாத்த வேண்டாம்" என்றார். "ஆனா ஒரு நிபந்தனை. சிரிக்க வைக்கணும்னு யாரும் பேசக் கூடாது. சும்மா பேசணும்."

மூத்தவளாக அவளே நடிக்க வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. கடைக்காரருக்கு வகுப்பில் ஒரு பையனைப் பிடித்தோம். வரிசையில் நிற்கும் இளையவளாக நான். எனக்கு எப்படி வரும் என்று நான் பதறினேன். இத்தனை நாள் எழுதி எழுதிக் கேட்டவளுக்கு வராமல் யாருக்கு வரும் என்றாள் தோழி.

வரத்தான் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாம் உட்கார்ந்துண்டு, பேசிண்டு, போயிண்டு. 'நின்னுக்கினு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒலிப்பதிவின்போது என் வாய் 'நின்னுண்டு' என்றுதான் சொன்னது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் கையை உயர்த்தி நிறுத்தினார். மறுபடி. மறுபடியும் நின்னுண்டு. தோழி ஒலிவாங்கிக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். தயாரிப்பாளர் வெளியே வந்து, அம்மா, மயிலாப்பூர் அம்மாள் எப்படி கிருஷ்ணாயில் வரிசைக்கு வந்தாள் என்று நேயர்கள் கேட்பார்கள் என்றார். அவள் வீட்டிலும் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள் என்றேன் நான். அதற்குப் பிறகு என் பயம் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு, கடற்கரை மணலில் அவள் பேசிக்காட்டியதை நினைத்துக்கொண்டேன். சரியாக வந்தது. நாடகத்தில் காய்ச்சல் கண்ட குழந்தை என் குழந்தைதான். அந்த இடத்தில் என் குரல் தானாக இறங்கியது. அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஒலிபரப்பான மாலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா, அம்மா, வீணை கற்க வந்த இரண்டு பெண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நாடகம் தொடங்கி என் குரல் வந்ததும் அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கடைசிவரை வானொலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் பெயர்களை வாசித்தார்கள். எழுதியவராகத் தோழியின் பெயர் வந்தபோது, யாரோ என் முதுகில் தட்டியதுபோல் இருந்தது எனக்கு.

அம்மா ஏதாவது சொல்வாள், நம்மாத்தில் இப்படிப் பேசுவதுண்டா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கேட்டுண்டே இருக்கச்சே அது நீதாங்கறதே மறந்துபோயிடுத்துடி" என்றாள். இத்தனை வருடங்களில் யார் யாரோ என் எழுத்தைப் பற்றி எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் எதையும் வைக்க எனக்குத் தோன்றியதில்லை.

சாந்தோமில் என்ன நடந்தது என்று மறுநாள் தோழி சொன்னாள். அவள் அம்மா வானொலியை ஜன்னலில் வைத்திருக்கிறார். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். பின்னால் குப்பத்திலிருந்தும் பெண்கள் வந்து நின்றார்களாம். எங்கேயும் யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் கீதும்மா என்று சொன்ன இடத்தில் மட்டும் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அது, கேட்பவர்கள் சிரிக்கட்டும் என்று அவள் விட்டிருந்த இடம்தான். அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த நிம்மதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

தருமபுரியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கடிதங்கள் வந்தன. தங்களுக்குப் புரிந்தது என்று எழுதியிருந்தார்கள். தயாரிப்பாளர் அவற்றைப் படித்துவிட்டு எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

அந்த மாதங்களிலேயே பலகையில் பார்த்து நான் அனுப்பிய சிறுகதை ஒன்றும் வார இதழ் ஒன்றில் வந்தது. மயிலாப்பூரில் ஒரு வீட்டில் நடக்கும் பெண் பார்க்கும் நிகழ்ச்சி, பெண்ணின் தங்கை சொல்வதாக. இதழ் வந்த அன்று மந்தைவெளிக் கடையில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் வாங்காமல் தூரத்தில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாராவது வாங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஒரு பெரியவர் வாங்கினார். அங்கேயே புரட்டினார். என் கதைப் பக்கத்தில் நிறுத்தினாரா என்று தெரியவில்லை. நிறுத்தினார் என்றே நான் வைத்துக்கொண்டேன். துறைத் தலைவி அந்தப் பக்கங்களைக் கத்தரித்துப் பலகையில் குத்தினார். அதுவரை வாய்ப்புகள் மட்டும் இருந்த பலகையில் முதல் தடவையாக எங்களில் ஒருத்தி எழுதியது. அந்த வாரம் மற்ற மாணவர்களும் பலகையின் முன் நிற்கத் தொடங்கினார்கள்.

ஆண்டு முடிவில் வாய்மொழித் தேர்வு வந்தது. தோழி கொடுத்தது நாடகத் தொகுப்பு. 'கிருஷ்ணாயில்' முதல் நாடகம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தெற்கத்திக்காரர், சங்க இலக்கியத்தில் பெரிய பெயர். என்னை முதலில் கூப்பிட்டார்கள். அவர் என் கதைகளைப் பற்றி மரியாதையாகச் சில கேள்விகள் கேட்டு அனுப்பிவிட்டார். அடுத்து தோழி. கதவு திறந்தேதான் இருந்தது. எங்கள் துறையில் யார் வேண்டுமானாலும் உள்ளே உட்கார்ந்து கேட்கலாம். நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அன்று அறை நிறைந்திருந்தது.

அவர் தொகுப்பை மேசையில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். இது பேச்சு, தெருவில் நடந்தால் காதில் விழுகிற பேச்சு, இதற்கு எம்.ஏ. பட்டம் எதற்கு என்று கேட்டார். குரலில் கடுமை இல்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

தோழி எழுந்து நிற்க வேண்டியதில்லை, ஆனால் நின்றாள். காதில் விழுந்ததை அப்படியே எழுதவில்லை என்றாள். முதல் நாடகத்தில் மூத்தவள் 'இருக்கு' என்று சொல்லும் இடங்கள் எல்லாம் ஜன்னல் பக்கம், 'கீது' என்று சொல்லும் இடங்கள் எல்லாம் வரிசைப் பக்கம். வெயில் ஏற ஏற அவள் ஜன்னலில் சொல்கிற 'ஐயா' ஒவ்வொரு தடவையும் குறைகிறது. கடைசித் தடவை ஐயாவே இல்லை, ஜன்னலிலேயே 'கீது'தான். அவள் அங்கே எண்ணெய் மட்டும் கேட்கவில்லை. என் பேச்சில் பேசினால் நீ எனக்குப் பதில் சொல்வாயா என்று கேட்கிறாள். இதை விளக்கமாக எழுதினால் அது ஆய்வுக் கட்டுரை. நான் விளக்காமல் நடக்கவிட்டேன் என்றாள்.

அவள் பேசிய விதத்தை நான் இங்கே சரியாகக் கொண்டுவந்துவிட்டேனா தெரியவில்லை. இடையில் ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். ஆனால் ஒரு இடத்திலும் தலையைக் குனியவில்லை.

அவர் தொகுப்பைத் திறந்தார். அவள் சொன்ன இடங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அதுவரை மேடைத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவரின் வாயிலிருந்து அவர் ஊர் வந்தது.

"எங்க அம்மையும் இப்படித்தான்" என்றார். "தாலுகா ஆபீசுல ஒரு பேச்சு, வீட்டு நடையில ஒரு பேச்சு. நான் இத நினைச்சுப் பாத்ததே இல்ல, பாத்துக்க."

எங்கள் துறைத் தலைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுகிறார் என்று பின்வரிசையில் இருந்த எங்களுக்குத் தெரிந்தது. வேறு கேள்விகள் இல்லை. துறையில் அந்த ஆண்டு மிக உயர்ந்த மதிப்பெண் தோழியின் தொகுப்புக்குத்தான். எனக்கு இரண்டாவது. எனக்கு அதில் வருத்தம் உண்டா என்று அப்போது பலர் கேட்டார்கள். அந்த நாடகத்தின் முதல் பிரதியைக் கேலி செய்தவள் நான். இரண்டாவது பிரதியைக் கையால் எழுதியவள் நான். அதில் குழந்தையை இடுப்பில் வைத்து நின்றவள் நான். எனக்கு இரண்டு மதிப்பெண்களும் கிடைத்ததுபோல்தான் இருந்தது.

பட்டம் வாங்கியதோடு விஷயம் முடியவில்லை. வானொலியில் அந்த நாடகத்தை மற்ற மொழிகளிலும் ஒலிபரப்ப எடுத்துக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பவர்களிடமிருந்து சந்தேகங்கள் வரத் தொடங்கின. மலையாளத்தில் செய்பவர் கேட்டிருந்தார்: 'அவிஞ்சி கீது' என்றால் அடுப்பு அணைந்துவிட்டதா, அணைந்துகொண்டிருக்கிறதா? நாங்கள் ஒரு மதியம் முழுக்க அடையாறு பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து இதைப் பற்றிச் சண்டை போட்டோம். நான் இலக்கணப்படி ஒன்று சொன்னேன். அவள் வேறு சொன்னாள். கடைசியில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டது: அணைந்துபோய் அப்படியே கிடக்கிறது, எப்போது அணைந்தது என்பது முக்கியமில்லை, இப்போதும் அப்படித்தான் இருக்கிறது என்பதுதான். அப்படியே பதில் எழுதினோம். அதுவரை நாங்கள் படித்த எந்த இலக்கண நூலிலும் 'கீது'க்கு விளக்கம் பார்த்ததில்லை. அன்று நாங்களே எழுதினோம்.

சில மாதங்கள் கழித்து மலையாள ஒலிப்பதிவின் கேசட்டைத் தயாரிப்பாளர் அனுப்பிவைத்தார். சாந்தோமில் அவர்கள் வீட்டு முன்னறையில் போட்டுக் கேட்டோம். தோழியின் அம்மா, அக்கம்பக்கத்துக்காரர்கள் என்று நிறைய பேர். மொழி பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் மூத்தவள் ஜன்னலிலிருந்து திரும்பி வரிசையைப் பார்த்து முதல் வார்த்தை பேசியதும், அவள் பேச்சு மாறிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கேரளத்திலும் கடலோரத்தில் ஒரு பேச்சு இருக்கிறது போலிருக்கிறது. அந்த மொழிபெயர்ப்பாளர் அதைத் தேடிப் பிடித்திருந்தார். தோழியின் அம்மா மகளைப் பார்த்தார். எழுந்து போய் மகளின் தலையில் கையை வைத்துவிட்டு, வந்திருந்தவர்களுக்குக் காப்பி போட உள்ளே போனார்.

நான் தி. நகரில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இந்தித் தொடர்களைத் தமிழில் பேசவைக்கிற இடம். இதுவும் பலகையில் பார்த்ததுதான். பாண்டி பஜாரின் இரைச்சலுக்கு மேல் ஒரு மாடி அறையில், திரையில் வாய் மூடுகிற இடத்தில் தமிழிலும் வாய் மூடுகிற சொல்லாகத் தேடி எழுத வேண்டும். 'வேண்டாம்' என்று முடித்தால் உதடு சேரும், 'வேண்டியதில்லை' என்றால் சேராது. இதில் நான் சீக்கிரமே தேர்ந்துவிட்டேன். இன்னார் எழுதினால் திருத்த வேண்டாம் என்று ஒலிப்பதிவு அறையில் பேசிக்கொள்வார்கள் என்று தெரிந்தபோது, கல்லூரியில் வாங்கிய மதிப்பெண்ணைவிட அது பெரிதாகப் பட்டது. மாலை நேரங்களில் என் கதைகளை எழுதினேன். தோழி வானொலிக்கும் மேடைக்கும் தொடர்ந்து எழுதிக்கொண்டே தன் நாடகங்களைப் புத்தகமாகக் கொண்டுவந்தாள்.

வெளியீடு ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சிறிய அரங்கில். நாற்காலிகள் போதவில்லை. கல்லூரியிலிருந்து துறைத் தலைவியும் படைப்பிலக்கியம் எடுத்திருந்த புது மாணவர்களும் வந்திருந்தார்கள். ஒரு வரிசை முழுக்க அவர்களே. வானொலித் தயாரிப்பாளர் வந்தார். சாந்தோம் தெருவே வேன் பிடித்து வந்திருந்தது. தேர்வாளர் ஊரிலிருந்து வர முடியாமல் வாழ்த்து அனுப்பியிருந்தார். தோழி மேடையில் மிகக் குறைவாகப் பேசினாள். நன்றி சொன்னாள், முதல் புத்தகத்தைத் தன் அம்மாவிடம் கொடுத்தாள், இறங்கி வந்துவிட்டாள். கூட்டத்தின் கைதட்டல் அவள் வந்து உட்கார்ந்த பிறகும் நிற்கவில்லை.

கூட்டம் கலைந்தபோது நான் என் அம்மாவைத் தேடினேன். புத்தகம் விற்கிற மேசைக்கு முன்னால் நின்றிருந்தாள். ஒன்று போதாது என்று இரண்டு வாங்கியிருந்தாள், ஒன்று வீணை வகுப்புப் பெண்கள் படிக்க. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு தம்பதி முதல் நாடகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இது ரேடியோல வந்துது. வரிசையில கொழந்தைய வெச்சுண்டு நிப்பாளே, அது எங்காத்துப் பொண்ணு."

தம்பதியில் அந்தப் பெண் நிமிர்ந்து, நானும் கேட்டேனே, அது நிஜமாகவே குப்பத்துப் பெண் என்றல்லவா நினைத்தேன் என்றார். அம்மா புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.